அண்ணனின் வலது பாதி

எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கடைச் சாமான்களைச் சோதித்துப் பார்த்து, உருப்படுமா உருப்படாதா என்று எழுதும் மாதப் பத்திரிகையில் வேலை. குடை வந்தால் குழாய்க்கு அடியில் பிடிப்போம். மெத்தை வந்தால் ஏறிக் குதிப்போம். கறை போக்கும் சோப்பு வந்தால், யாருடைய சட்டை புதுசு என்று சுற்றும்முற்றும் பார்த்து அதில் மையைக் கொட்டுவோம். வீட்டிலும் இந்தப் புத்தி விடாது. பிஸ்கட் பொட்டலத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

எங்கள் ஆசிரியருக்கு 'ஒப்பீடு' என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். எதைச் சோதித்தாலும் பக்கத்திலேயே சோதிக்காத ஒன்று சும்மா இருக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது அவருடைய வேதம். ஐந்து பேர் மெத்தையில் படுத்தால் ஐந்து பேர் தரையில் படுத்தாக வேண்டும். முகப்பூச்சு வந்தபோது, கணக்குப் பிரிவு அம்மாவின் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் தடவி மறு பாதியைச் சும்மா விட்டார். அந்த அம்மா இன்றைக்கும் போட்டோ எடுத்தால் ஒரு பக்கமாகத்தான் திரும்பி நிற்பார்.

அவர் கையில்தான் 'உடம்புச் சுற்று' விளம்பரம் வந்து மாட்டியது. ஊரெல்லாம் ஸ்பா, ஸ்பாவெல்லாம் உடம்புச் சுற்று. கடல்பாசியும் களிமண்ணும் எண்ணெயும் குழைத்து மேலே அப்பி, ஈரத்துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூடான கம்பளிக்குள் போட்டு மூடுவார்கள். எழுந்தால் எடை குறைந்திருக்கும், இடுப்பு சுருங்கியிருக்கும், உடம்பில் வருஷக்கணக்காகச் சேர்ந்த நச்செல்லாம் துணியில் இறங்கியிருக்கும் என்று சத்தியம் செய்தது விளம்பரம்.

"ஒரு ஆளைப் பிடி. குண்டா இருக்கணும், பொறுமை இருக்கணும்" என்றார் ஒப்பீடு.

எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு மாடியிலேயே ஒருவன் இருந்தான்.

என் அண்ணன் லிப்ட் மெக்கானிக். லிப்ட் நடுவழியில் நின்றுபோனால், அதன் கூரையில் இருக்கும் சதுரக் கதவு வழியாக மேலே ஏறி, இருட்டுக் குழிக்குள் நின்று பழுது பார்க்கிறவன். மனிதர்களைக் கண்டால் அவனுக்குக் கூச்சம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கிறேன் என்று போய்விடுவான். மோட்டாரும் பாவம், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் குழிக்குள் போய்விட்டால் அவன் வேறு ஆள். பாடுவான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையை மட்டும் நீட்டுகிறவன், அங்கே கயிறுகளுக்கு நடுவே நின்றுகொண்டு அடித்தொண்டையிலிருந்து இழுத்துப் பாடுவான். எதிரொலி அவனுக்குப் பக்கவாத்தியம். அந்த வேலையைத் தவிர உலகத்தில் வேறு எந்த ஆசையும் அவனுக்குக் கிடையாது.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. போன மாதம் ஒரு அலுவலகத்தில் லிப்ட் நின்றுபோய், உள்ளே சில பேர் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் கதவை நெம்பித் திறந்து உள்ளே இறங்கி, "பயப்படாதீங்க" என்றுகூடச் சொல்லாமல், கூரைக் கதவில் தலையை விட்டான். தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு போகவில்லை. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல், மாட்டிக்கொண்டவர்களின் முகத்துக்கு நேராக இரண்டு கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவர்களைக் காப்பாற்றப் போனவனைக் காப்பாற்றத் தீயணைப்பு வண்டி வந்தது. அந்தக் கால்களின் படம் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அண்ணி ஷூவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

கம்பெனி விழித்துக்கொண்டது. கிடங்கில் தூசி படிந்து கிடந்த பழைய சாதனம் ஒன்றை வெளியே இழுத்தார்கள். உயரமான இரும்பு மேடை, அதன் நடுவில் கூரைக் கதவின் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை, கீழே ஏணி. மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சல்லடை'. மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் ஏணியில் ஏறி ஓட்டை வழியாக மேலே வர வேண்டும். வந்தால் லிப்டுக்கு. வராவிட்டால் போன் ரூமுக்கு.

போன் ரூம் என்றால், லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கிற இடம். கனிவாகப் பேசி அவர்களைத் தைரியமாக வைத்திருக்க வேண்டும். அண்ணனைப் பழக்குவதற்காக ஒருநாள் காலையில் அங்கே உட்கார வைத்தார்கள். முதல் அழைப்பே ஒரு பெண்.

"ஹலோ! யாராவது இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?"

அண்ணன் நீண்ட நேரம் யோசித்து, "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவன், "பாப்பா, அங்க போனா நான் செத்துடுவேன்" என்றான். எனக்கு நாற்பது வயதாகிறது, இன்னும் பாப்பாதான். அவன் கண் கலங்கியிருந்தது.

அதனால்தான் அவனிடம் போனேன்.

"அண்ணா, எங்க பத்திரிகை செலவுல உடம்பு இளைக்கிற வைத்தியம். வர்றியா?"

"நிறையப் பேர் இருப்பாங்களா?"

"ரூமைச் சாத்திடுவாங்க. நீ, சுத்துற ஆள், ஒரு வாளி களிமண். ஓரமா நான்."

"பேசணுமா?"

"மூச்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் ஒப்பீடு சும்மா இருப்பாரா? "ஒப்பிடறதுக்கு யாரு?" என்றார். அண்ணனுக்கு இணையான இன்னொரு அண்ணனுக்கு நான் எங்கே போவேன்? அவர் பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். எனக்குக் கணக்குப் பிரிவு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. நினைத்தது சரிதான்.

"வலது பாதியை மட்டும் சுத்தச் சொல்லு. இடது பாதி சும்மா இருக்கட்டும். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். இதைவிட நல்ல ஒப்பீடு உலகத்துலயே கிடையாது!" அதோடு விட்டாரா? இரண்டு விதிகள் போட்டார். சோதனை முடியும்வரை சாப்பாட்டையோ பழக்கத்தையோ இம்மியும் மாற்றக் கூடாது. நடுவில் முடிவு என்னவென்று ஆளிடம் மூச்சு விடக் கூடாது.

அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் கையால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து, அதில் உடம்பைச் சாய்த்துப் பார்த்தான்.

"பாதி இளைச்சாப் போதும் பாப்பா. சாய்ஞ்சு போயிடுவேன்."

ஸ்பாவில் எல்லாமே மங்கலாக இருந்தது. விளக்கு மங்கல், பாட்டு மங்கல், வரவேற்பறையில் இருந்த மேடத்தின் பேச்சும் மங்கல். நாங்கள் பத்திரிகை ஆட்கள் என்று சொல்லக் கூடாதாகையால், அண்ணனுக்கு இடது பக்கம் மட்டும் தோல் ஒவ்வாமை என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"இடது பக்கம் மட்டுமா?" என்றார் மேடம்.

"பிறந்ததுலேர்ந்தே."

"ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, பாதி சுற்றினாலும் முழுச் சுற்றின் கட்டணம்தான் என்று அதே மங்கலான குரலில் சொன்னார்.

சுற்றுகிறவர் முன்பு பார்சல் கம்பெனியில் வேலை பார்த்தவராம். அது அவர் கையிலேயே தெரிந்தது. ஓரங்களை மடித்து, காற்றுப் போகாமல் அழுத்தி, டேப் ஒட்டி, கடைசியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். "இனி கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று அண்ணனுக்கு ஆறுதல் வேறு சொன்னார். அரை டிராயரோடு படுத்திருந்த அண்ணனின் மார்பு நடுவிலிருந்து வயிறுவரை டேப்பால் கோடு இழுத்துக்கொண்டு வந்தவர், திடீரென்று நின்றார்.

"தொப்புள் எந்தப் பக்கத்துல சேர்த்தி?"

எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து ஒப்பீட்டுக்கு போன் போட்டேன். "அதையும் பாதியாப் பிரிச்சிடு" என்றார். பிரித்தோம்.

வலது கை, வலது விலா, வலது வயிறு, வலது கால் எல்லாம் கம்பளிக்குள் வெந்தன. இடது பாதி ஏசி காற்றில் சிலிர்த்துக் கிடந்தது. அண்ணன் ஒரு கண்ணால் சுகத்தையும் ஒரு கண்ணால் குளிரையும் காட்டினான். சுற்றைப் பிரித்தபோது துணி முழுக்க பழுப்பு நிறம்.

"பாத்தீங்களா நச்சை? எவ்ளோ இறங்கியிருக்கு!" என்றார் பார்சல்காரர் பெருமையாக.

பிறகு நாடாவை எடுத்து வலது தொடையை அளந்தார். சுற்றுவதற்கு முன் இரண்டு தொடையையும் அளந்தபோது நாடா தொளதொளவென்று தொங்கியது. இப்போது சதைக்குள் புதைந்தது. அண்ணன் "ஸ்ஸ்" என்றான். "ஒரு அங்குலம் போயிடுச்சு!" என்றார் அவர். நான் இடது தொடையையும் அளக்கச் சொன்னேன். அதே கை, அதே இழுப்பு. அங்கேயும் ஒரு அங்குலம் போயிருந்தது, களிமண்ணையே பார்க்காமல்.

எடையைப் பாதியாகப் பிரித்து எப்படிப் பார்ப்பது? அதற்கும் ஒப்பீடு வழி வைத்திருந்தார். இரண்டு எடை இயந்திரங்கள், காலுக்கு ஒன்று. வீட்டுக் கூடத்தில் அண்ணனை ஏற்றி நிறுத்தினேன். முதல் வாரம் வலது பாதி மூன்று கிலோ குறைந்திருந்தது. இடது பாதி மூன்று கிலோ கூடியிருந்தது.

ஒப்பீடு பரபரப்பானார். "நச்சு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்குமோ?"

"இல்ல சார். சமையலறையிலேர்ந்து வாசனை வந்துச்சு. அந்தப் பக்கம் சாய்ஞ்சிட்டான்."

இரண்டையும் கூட்டினால், ஸ்பாவில் வியர்த்ததில் கொஞ்சம் குறைந்திருக்கும். வீட்டுக்கு வந்து அவன் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்ததும் அதுவும் பழையபடி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரா வாரம் இதே கதை.

நச்சு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பிடிக் களிமண்ணைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்து, அண்ணியின் திண்டுத் தலையணையில் பூசி, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் சுற்றி, வெயிலில் போட்டேன். பிரித்தால் அதே பழுப்பு. அவர்கள் பூசிய மண்தான் அவர்கள் துணியில் ஒட்டிக்கொண்டு நச்சு வேஷம் போட்டிருக்கிறது.

"ஏம்மா, உனக்கு வேற தலையணையே கிடைக்கலையா?" என்று அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏற்கெனவே உங்க அண்ணன் படுத்தா பாதி விரிப்பு சேறாகுது. நான் அவருக்கு இடது பக்கம் படுக்கிறதால பிழைச்சேன்."

அண்ணியிடமும் விதியைச் சொல்லியிருந்தேன். அதனால் அவள் வழக்கம்போல் அண்ணனின் தட்டில் மலையாகக் குவித்தாள். அவன் வேண்டாம் என்று கையால் மறித்தால், "சோதனை கெட்டுப்போயிடும், சாப்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தாள். தினமும் மாடிப்படி ஏறி இறங்கப் போகிறேன் என்று கிளம்பியவனை நானே தடுத்து உட்கார வைத்தேன். உடம்பு இளைக்க உதவக்கூடிய இரண்டே இரண்டு காரியங்களையும் நிறுத்திவிட்டு, உதவாத ஒன்றை அதுவும் பாதியாகச் செய்துகொண்டிருந்தோம்.

அது எனக்கு உறைத்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் கண்ணாடி முன் நின்று வலது பக்கத்தைக் காட்டி, "இறங்கின மாதிரி இல்ல?" என்று கேட்டான். சொல்லக் கூடாது என்பது விதி. "பார்ப்போம்ணா" என்றேன். அவனை ஏமாற்றுகிறோமே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த வாரச் சுற்றோடு கடைசி, அப்புறம் விதியாவது ஒன்றாவது, மாதக் கடைசிக்குள் அவனைப் படிக்கட்டில் ஓட ஓட விரட்டுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கடைசிச் சுற்று அன்று, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்காக மேடத்திடம் ஒரு ஜாடி களிமண் விலைக்கு வாங்கினேன். ஒப்பீடு சொல்லிக்கொடுத்தபடி மூடியில் அரக்கு வைத்து, கையெழுத்துப் போட்டு, கைப்பையில் பத்திரப்படுத்தினேன். அண்ணன் உள்ளே பார்சலாகக் கிடந்தான். அப்போது அவனுடைய போன் அடித்தது. அவனுடைய கம்பெனி போர்மேன். அசைந்தால் சுற்று பிரிந்துவிடும் என்பதால் நான்தான் காதருகே பிடித்தேன்.

"யோவ், சல்லடை இன்னிக்கே வச்சாச்சு. மேலிடத்துலேர்ந்து அவசரம்கிறாங்க. உடனே கிளம்பி வா. வரலைன்னா நேரா போன் ரூம்தான்."

"ம்" என்றான் அண்ணன். முகத்தில் ரத்தம் இல்லை.

பார்சல்காரர் அவசரமாகப் பிரித்தார். குளிக்கப் போனவனைத் தடுத்தார். "இப்ப குளிக்காதீங்க, நச்சு பாதி வழியில நிக்குது, திரும்ப உள்ள போயிடும்." அதைக் கேட்டு அண்ணன் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டான். சட்டை பாதி உடம்பில் ஒட்டியது, பாதியில் பறந்தது. ஆட்டோவில் நான் அவனுடைய இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"பாப்பா, எதாவது குறைஞ்சிருக்கா? உண்மையைச் சொல்லு."

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இல்லண்ணா. துளிகூட இல்ல. எல்லாம் வெறும் தண்ணி. நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன்" என்று அழுதுவிட்டேன்.

அவன் தன் களிமண் கையால் என் தலையைத் தட்டிக்கொடுத்தான். கூந்தல் நாசமாயிற்று. பரவாயில்லை.

கம்பெனிக் கிடங்கில் தரையிலிருந்து கூரைவரை கிரீஸ் டப்பாக்கள், எண்ணெய்ப் பீப்பாய்கள். நடுவில் சல்லடை. ஓரமாக ஒரு பெஞ்சில் மெக்கானிக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு அண்ணனைவிடப் பெரிய வயிறு. வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஓட்டையில் ஒரு நூலளவுகூட வீணாக்க முடியாது என்பதால் சட்டையைக் கழற்றி அரை டிராயரோடுதான் ஏறுவார்கள். நான் வாசல் பக்கம் ஓரமாக நின்றேன்.

போர்மேன் விதியைப் படித்தார். "யாரும் தொடக் கூடாது. தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. குழிக்குள்ள நீ தனியா இருப்ப. தானா வெளிய வந்தாத்தான் தேர்வு."

அண்ணன் சட்டையைக் கழற்றினான். பெஞ்சில் எல்லாரும் பிடித்திருந்த மூச்சை விட்டுவிட்டார்கள். வலது பாதி பழுப்பாக, எண்ணெய் மினுங்க இருந்தது. இடது பாதி வெறும் அண்ணனாக இருந்தது. நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

"என்னய்யா இது, பாதி பெயிண்ட் அடிச்சு வந்திருக்க?"

அண்ணன் ஏணியில் ஏறினான். கைகளைத் தூக்கித் தலையை நுழைத்தான். தோள்கள் போயின. வயிறு வந்தது. வலப்பக்கமாகச் சாய்ந்து ஒரு உந்து உந்தினான். நாங்கள் எல்லாரும் பார்க்க, வலது பாதி வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. ஒரு தடங்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஒரு கணம் நான் கைதட்டியேவிட்டேன்.

இடது பாதி வரவில்லை. இரும்பு விளிம்பில் சதை மடிந்து, இம்மிகூட அசையவில்லை. வலது இடுப்பு மேலே, இடது இடுப்பு கீழே என்று அண்ணன் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றான். மேடைக்கு மேலே முகம் சிவந்தது. கீழே கால்கள் ஏணியைத் தேடின. அதே கால்கள், அதே ஷூ. பெஞ்சில் யாரோ சிரித்தார். போர்மேன் பேனா மூடியைக் கழற்றினார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் பாட்டுப் பாட நிறுத்தியபோது இதே மாதிரிதான் என்னைப் பார்த்தான்.

என் கைப்பையில் ஜாடி இருந்தது. அரக்கும் கையெழுத்தும் இருந்தன. அதைத் திறந்தால் ஆய்வுக்கூடம் தொடாது. அண்ணனுடைய இடது பாதியில் அது பட்டால், மாதம் முழுவதும் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்த ஒப்பீடு ஒழிந்தது. அந்த இடது பாதி எங்கள் பத்திரிகையின் சொத்து. ஒரு சோதனையையும் நான் இதுவரை கெடுத்ததில்லை.

அரக்கைப் பல்லால் கடித்துப் பெயர்த்தேன்.

"அண்ணா, பிடி!"

அவன் இரண்டு கையாலும் பிடித்தான். "தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று போர்மேன் கத்தினார். "நான் எங்க சார் தொட்டேன்? ஜாடிதானே போச்சு?" என்று நானும் கத்தினேன். அதற்குள் அண்ணன் ஜாடியை இடது விலாவில் கவிழ்த்து, மளமளவென்று தேய்த்து, விளிம்புக்குள் விரலை விட்டு வழித்து விட்டான். ஒரு மூச்சு இழுத்தான்.

ஈரக்கையிலிருந்து சோப்பு நழுவுமே, அப்படி வந்தான். மேடையில் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே போய், அந்தப் பக்கம் படிவழியாக இறங்கி, போர்மேனின் மேஜைமேல் போய் உட்கார்ந்தான். டீ கொட்டியது.

போர்மேன் அண்ணனைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் தூக்கி, சுவரெல்லாம் அடுக்கியிருந்த கிரீஸ் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கயித்துக்குப் போடறோம். லிப்ட் ஓடுற தண்டவாளத்துக்குப் போடறோம். கதவுக்குப் போடறோம்" என்றார் தனக்குத்தானே. "ஆளுக்குப் போடணும்னு இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் தோணலையே! எனக்கும் தோணலையே!"

"அப்ப தேர்வா சார்?" என்றேன்.

"தானாத்தானே வந்தான்? குழிக்குள்ளயும் ஒரு ஜாடி கையில இருந்தா வந்துடுவான்ல? தேர்வுதான்."

பெஞ்சில் கடைசியில் இருந்த பெரிய வயிற்றுக்காரர் எழுந்தார். "மிச்சம் இருக்கா?" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. அண்ணன் மேஜையை விட்டு இறங்காமல் எல்லாரையும் பார்த்து, "இருக்கு" என்றான். அத்தனை பேர் நடுவில் அவன் தானாக வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலியான ஜாடியோடு ஒப்பீட்டின் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். இடது பாதி போய்விட்டது என்றதும், சொந்தக்காரர் யாரோ தவறிவிட்ட மாதிரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு என் அறிக்கையை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"எடை: தண்ணீர் குடிக்கும்வரை குறையும். அங்குலம்: நாடாவை இழுக்கிறவர் கையைப் பொறுத்தது. நச்சு: தலையணைக்கும் அதே அளவு இருக்கிறது. வழுக்கல்: மிக மிக நன்று." நிமிர்ந்தார். "வழுக்கலா? இதை எப்படிப் போட முடியும்? ஒப்பிடறதுக்கு என்ன இருந்தது?"

"இருந்தது சார். ஜாடியைத் திறக்கறதுக்கு முன்னாடி, அதே ஆள், அதே ஓட்டை, அதே நிமிஷம். களிமண் போட்ட பாதி போச்சு. போடாத பாதி மாட்டிக்கிச்சு."

ஒப்பீடு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இத்தனை வருஷப் பத்திரிகையில் இவ்வளவு சுத்தமான முடிவு வந்ததே இல்லையாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அட்டைப்படமே அதுதான் என்றார். அண்ணன் கூச்சப்படுவான் என்று சொல்லி, சல்லடையின் படத்தை மட்டும் போட வைத்தேன்.

சோதனை முடிந்த அன்றே அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இனிமே தட்டுல வலது பாதிக்குத்தான் சாப்பாடு. இடது பாதி சும்மா இருக்கட்டும், ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றாள். அண்ணன் தினமும் படிக்கட்டு ஏறி இறங்குகிறான், லிப்ட்காரன் லிப்டில் ஏறாமல் போவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. மெதுவாக இளைக்கிறான், இரண்டு பாதியும் சமமாக.

போன வாரம் எங்கள் அலுவலக லிப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே நான் மட்டும். சிவப்புப் பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, எரிச்சலோடு மறுபடி அதில் விரலை வைக்கப் போனேன். மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், யாரோ அடித்தொண்டையிலிருந்து இழுத்துப் பாடுகிற சத்தம் கேட்டது. விரலை எடுத்துவிட்டேன். பாட்டு முடியும்வரை லிப்ட் சரியாகிவிடக் கூடாதே என்று இருந்தது. கூரைக் கதவின் இடுக்கு வழியாக ஒரு பழுப்புச் சொட்டு என் தலையில் விழுந்தது. கடல்பாசி வாசனை அடித்தது. நான் துடைக்கவில்லை.